வான்லாக்ஹெட் சுரங்கத் தொழிலாளர் நூலகம்: ஒரு நாள் பயணத்துக்குத் தகுமா?

கேள்வி: கிளைநூலகர் மகள்

அனைவருக்கும் வணக்கம். நான் கிளாஸ்கோவில் பணிபுரிகிறேன். வரும் ஜூன் மாதத்தில் என் பெற்றோர் மூன்று வாரம் இங்கே தங்க வருகிறார்கள். அப்பா முப்பத்திரண்டு ஆண்டுகள் கிளை நூலகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எடின்பரோ கோட்டை, லோமண்ட் ஏரி என்று நான் போட்டு வைத்திருக்கும் பயணத் திட்டத்தை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் "அந்த ஊரில் பார்க்கத் தகுந்த பழைய நூலகம் ஒன்றும் இல்லையா?" என்று கேட்டார். தேடிப் பார்த்தபோது, தெற்கு மலைப்பகுதியில் வான்லாக்ஹெட் என்ற சிற்றூரில் ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள் தாங்களே சந்தா செலுத்தி 1756-இல் தொடங்கிய நூலகம் ஒன்று இன்றும் இருப்பதாக அறிந்தேன்.

என் ஐயங்கள் இவை: மின்விளக்கு இல்லாத காலத்தில், ஆளரவமற்ற மலையுச்சியில், நாள் முழுவதும் பாறை உடைத்த மனிதர்கள் எதற்காக நூலகம் அமைத்தார்கள்? அந்த நூலகத்தைத் தவிர அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. அவரையும் அழைத்துக்கொண்டு ஒரே நாளில் போய்த் திரும்ப இயலுமா? சென்று வந்தவர்கள் எவரேனும் இருந்தால் விரிவாகச் சொல்லுங்கள்.

பதில் 1: நித் ஆற்றங்கரை

வணக்கம் சகோதரி. பல ஆண்டுகளாக டம்ஃப்ரீஸ் பக்கம் வசிப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றி. ஸ்காட்லாந்தின் மிக உயரமான கிராமம் வடக்கே ஹைலேண்ட்ஸ் பகுதியில்தான் இருக்கும் என்று பலர் எண்ணுவார்கள்; உண்மையில் அது தெற்கே லௌதர் குன்றுகளில் உள்ள இந்த வான்லாக்ஹெட்தான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 467 மீட்டர். எண்ணைக் கேட்டால் பெரிய உயரமாகத் தோன்றாது. ஆனால் இவ்வளவு வடக்கில் இந்த உயரத்தில் பயிர் விளையாது, மரமும் எளிதில் வளராது. அப்படியிருந்தும் இங்கே மனிதர்கள் குடியேறியதற்கு மண்ணுக்கடியில் கிடந்த ஈயமே காரணம். 1680 வாக்கில் ஈயம் உருக்கும் உலையும் தொழிலாளர் வீடுகளும் எழுந்த பிறகுதான் இது நிலையான ஊர் ஆயிற்று. அதற்கு முன் கோடைக்காலத்தில் வந்து தோண்டிவிட்டுக் குளிர் தொடங்கும்முன் இறங்கிவிடுவார்களாம்.

ஈயத்துக்கும் முன்பே இந்தக் குன்றுகளுக்குப் புகழ் சேர்த்தது தங்கம். 16-ஆம் நூற்றாண்டில் இங்குள்ள ஓடைகளின் மணலை அரித்துத் தங்கம் எடுத்தார்கள். ஐந்தாம் ஜேம்ஸ் மன்னருக்காக 1540-இல் திருத்திச் செய்யப்பட்ட ஸ்காட்லாந்து மணிமுடியில் உள்நாட்டுத் தங்கம் சேர்க்கப்பட்டது. அந்தத் தங்கம் இந்த வட்டாரத்திலிருந்து போனது என்றே கூறுவர். எடின்பரோ கோட்டைக்கு நீங்கள் எப்படியும் போகப் போகிறீர்கள். அங்கே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் முடியை முதலில் காட்டிவிட்டு, பிறகு இந்த ஓடைக்கரைக்கு அழைத்து வாருங்கள். அந்த வரிசையில் பார்த்தால் சுவை கூடும்.

இனி நூலகம். நாட்டிலேயே முதன்முதலில் இத்தகைய நூலகம் அமைத்தவர்கள் வான்லாக்ஹெட் மக்கள்தாம். ஏதோ ஒரு பிரபு மனமிரங்கிக் கட்டிக்கொடுத்த தருமச் சாலை அன்று இது. தொழிலாளர்கள் சங்கமாகக் கூடி, நுழைவுக் கட்டணமும் ஆண்டுச் சந்தாவும் வைத்து, எந்த நூலை வாங்குவது என்பதைத் தாங்களே முடிவு செய்தார்கள். நூலைத் திருப்பித் தரும்போது தாள் கிழிந்திருக்கிறதா, கறை படிந்திருக்கிறதா என்று பார்த்துத் தண்டம் விதிக்கும் ஏற்பாடும் இத்தகைய சங்கங்களில் இருந்தது. உங்கள் தந்தையார் இதைக் கேட்டால் நிச்சயம் புன்னகைப்பார். இப்போது நாம் காணும் கட்டடம் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. அதற்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய நூல்கள் அடுக்கியபடியே இருக்கின்றன. சமய உரைகள்தாம் மிகுதி. ஆனால் வரலாறு, பயண நூல், அறிவியல், பிற்காலத்தில் நாவல் என்று அலமாரிக்கு அலமாரி ரசனை விரிந்துகொண்டே போவதைக் கண்ணால் பார்க்கலாம்.

பதில் 2: துலாக்கோல்

மேலே எழுதிய நண்பரின் விளக்கம் நன்று. ஆயினும் ஒரு திருத்தம் தேவை. முதல் நூலகம் வான்லாக்ஹெட்டில் அன்று, சாலை வழியே இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் லெட்ஹில்ஸ் என்ற அடுத்த கிராமத்தில் தொடங்கியது. அதன் ஆண்டு 1741. வான்லாக்ஹெட் பதினைந்து ஆண்டுகள் கழித்து அதைப் பார்த்துத் தொடங்கியது. இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே நிறுவனம் வேறு, மாவட்டம் வேறு, போட்டியும் உண்டு. ஆகவே அங்கே போய் இதை மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

"எதற்காக நூலகம்?" என்ற கேள்விக்கு விடை லெட்ஹில்ஸில்தான் கிடக்கிறது என்பது என் கருத்து. 1730-களில் அங்கிருந்த சுரங்க நிறுவனத்துக்கு மேலாளராக வந்தவர் ஜேம்ஸ் ஸ்டர்லிங். கணிதம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும்; பெரிய எண்களின் தொடர்பெருக்கத்தைத் தோராயமாகக் கணக்கிட இன்றும் நாம் பயன்படுத்தும் ஸ்டர்லிங் வாய்பாட்டுக்குப் பெயர் தந்தவர் இவரே. அவர் காலத்தில் சுரங்கத்துக்குள் வேலை செய்யும் நேரம் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாக வரையறுக்கப்பட்டது. உள்ளே காற்றின் நிலை அதற்கு மேல் மனிதனைத் தாங்க விடாது என்பதும் ஒரு காரணம். ஆறு மணி நேரம் போக மிஞ்சிய பகலில் அந்த மனிதர்கள் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டினார்கள், கரம்பைத் திருத்திச் சிறு தோட்டம் போட்டார்கள், படித்தார்கள். மேலும் அவர்கள் வெறும் நாட்கூலிகள் அல்லர். நான்கைந்து பேர் கூட்டாகச் சேர்ந்து, இத்தனை அடி பாறை குடைவதற்கு அல்லது இவ்வளவு ஈயக்கல் எடுப்பதற்கு இவ்வளவு தொகை என்று நிறுவனத்தோடு பேரம் பேசி ஒப்பந்தம் எழுதிக்கொள்வார்கள். மெழுகுத்திரிக்கும் வெடிமருந்துக்கும் ஆன செலவு அந்தத் தொகையில் கழிக்கப்படும். கணக்குப் பார்க்கத் தெரியாதவன் ஏமாந்து போவான். எழுத்தறிவு அவர்களுக்குப் பொழுதுபோக்கு மட்டும் அன்று, பிழைப்பின் ஒரு பகுதி.

அடுத்து, உங்கள் இரண்டாவது கேள்விக்கு. நான் எந்திரவியல் படித்தவன் என்பதால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பது உங்களுக்கே விளங்கிவிடும். ஊருக்குள்ளேயே, சாலையிலிருந்து சில நிமிட நடையில், ஸ்ட்ரெய்ட்ஸ்டெப்ஸ் சுரங்கத்தின் வாயருகே ஒரு பெரிய மர உத்தரம் கல்தூணின் மேல் நிற்கிறது. நம் ஊர்க் கிணற்று ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். ஏற்றத்தில் மனிதன் மேலே நடந்து தன் எடையால் நீரை இறைப்பான். இங்கே மனிதனுக்குப் பதிலாக நீரே அந்த வேலையைச் செய்கிறது. மலையோடையிலிருந்து வரும் நீர் உத்தரத்தின் ஒரு முனையில் தொங்கும் தொட்டியில் நிரம்பும். நிரம்பியதும் எடை தாங்காமல் அந்த முனை தாழும். மறுமுனை உயர்ந்து, சுரங்கத்துக்குள் இறங்கியிருக்கும் இறைதண்டை மேலே தூக்கும். தொட்டி அடியைத் தொட்டதும் நீர் தானாகவே வெளியேறிவிடும். தண்டின் எடையால் உத்தரம் பழைய நிலைக்குத் திரும்பும். நிலக்கரி வேண்டாம், ஆள் வேண்டாம், இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த வகையில் பிரிட்டனில் முதலில் நிறுவப்பட்ட இடத்திலேயே எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். நிலக்கரியை இவ்வளவு உயரத்துக்குச் சுமந்து வருவது எவ்வளவு செலவு என்று எண்ணிப் பார்த்தால், நீராவிப் பொறி வந்த பிறகும் 19-ஆம் நூற்றாண்டில் இப்படி ஒன்றை ஏன் நிறுவினார்கள் என்பது புரியும்.

1803 ஆகஸ்டில் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தும் அவர் தங்கை டாரத்தியும் நண்பர் கோல்ரிட்ஜும் மென்னக் கணவாய் வழியே இவ்வூர்ப் பக்கம் ஏறி வந்தார்கள். சுரங்க நீரை இறைக்கும் பொறி ஒன்று மெல்ல அசைந்துகொண்டிருந்ததைக் கண்டு, இது ஒரே ஓர் எண்ணம் மட்டுமே கொண்ட அரக்கனைப் போல இருக்கிறது என்று கோல்ரிட்ஜ் சொன்னதாக டாரத்தி குறித்து வைத்திருக்கிறார். அவர்கள் கண்டது இப்போதுள்ள உத்தரத்தை அன்று, அதற்கு முந்தைய ஒன்றை. ஆனாலும் அதன் முன் நின்றபோது எனக்கு அந்தச் சொற்களே நினைவுக்கு வந்தன.

நீராவிக் கப்பல் வரலாற்றில் பெயர் பெற்ற வில்லியம் சிமிங்டன் பிறந்ததும் லெட்ஹில்ஸில்தான், 1764-இல். வான்லாக்ஹெட் சுரங்கத்தின் நீராவிப் பொறி வேலையில் தேர்ந்து, பின்னர் 1788-இல் டால்ஸ்விண்டன் ஏரியில் நீராவிப் படகை ஓட்டிக் காட்டியவர் அவர்.

பதில் 3: நித் ஆற்றங்கரை

திருத்தியமைக்கு நன்றி, நண்பரே; பிழை என்னுடையதுதான். டாரத்தியின் குறிப்பைத் தாங்கள் எடுத்ததால் அதிலுள்ள இன்னொரு செய்தியையும் சேர்க்கிறேன். அதே வழியில் அவர்கள் மூன்று சிறுவர்களைச் சந்தித்தார்கள். ஒருவன் கையில் தூண்டில். மூவர் தொப்பியிலும் ஹனிசக்கிள் கொடிப்பூக்கள். வான்லாக்ஹெட்டில் இருந்து வருவதாகவும், பள்ளியில் லத்தீனில் வர்ஜிலும் சிலர் கிரேக்கத்தில் ஹோமரும் படிப்பதாகவும் சொன்னார்கள். கோல்ரிட்ஜ் மேலும் துருவிக் கேட்கத் தொடங்கியதுதான் தாமதம், தேர்வு வைத்துவிடுவாரோ என்ற அச்சத்தில் மூவரும் ஓட்டம் பிடித்தார்கள்.

பதில் 4: மறுபக்கம்

இந்த இழை மிகவும் இனிமையாகப் போய்க்கொண்டிருப்பதால், சற்றுக் கசப்பையும் கலப்பது என் கடமை என்று கருதுகிறேன்.

ஈயம் நஞ்சு. பாறையிலிருந்து வரும் ஈயக்கல்லை உடைத்துக் கழுவி, உலையிலிட்டு உருக்கும்போது எழும் புகை குன்றுச் சரிவெங்கும் படியும். அந்தப் புல்லை மேய்ந்த ஆடுமாடுகள் செத்தன. உலைக்கூடத் தொழிலாளருக்கு வந்த நோய்க்கு இவ்வூர்களில் தனிப் பெயரே இருந்தது. உலைப்புகை என்ற பொருளில் 'மில்-ரீக்' என்றார்கள். வயிற்றுக் கடுப்பும் கைகால் தளர்ச்சியும் சித்தப் பிறழ்வும் அதன் அடையாளங்கள். ஈயக்கல்லைக் குளிர்ந்த நீரில் கழுவும் வேலை சிறுவர்களுடையது. தொப்பியில் பூச்சூடிய அந்த மூவரும் அந்த வேலையைத் தாண்டி வந்தவர்களாகவோ அதை நோக்கிப் போகிறவர்களாகவோ இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆறு மணி நேர வேலை என்பதும் எல்லாச் சுரங்கத்திலும் எல்லாக் காலத்திலும் நிலைத்த உரிமை அன்று. உருக்குவோருக்கும் கழுவுவோருக்கும் அந்தக் கணக்கு வேறு. ஒப்பந்தக் கூட்டில் பாறை இளகினால் ஆதாயம், இறுகினால் கடன். கணக்கு முடிப்பதற்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். அதுவரை நிறுவனம் முன்பணமாகத் தரும் தானியத்தை வாங்கித்தான் அடுப்பு எரிய வேண்டும். நூலகத்தை மேலாளர்கள் ஆதரித்ததும் முழுக்க அறிவுத் தாகத்தால் அன்று. குடிக்காத, படித்த, ஊரைவிட்டு ஓடாத தொழிலாளி அவர்களுக்குத் தேவைப்பட்டான். இதைச் சொல்வதால் அந்த நூலகத்தின் பெருமை குறைந்துவிடாது. நிறுவனத்தின் கணக்கும் தொழிலாளியின் ஆசையும் ஓரிடத்தில் சந்தித்தன, அவ்வளவுதான்.

லெட்ஹில்ஸ் இடுகாட்டில் ஜான் டெய்லர் என்ற சுரங்கத் தொழிலாளி 137 வயது வரை வாழ்ந்ததாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஈயப் புகைக்கு நடுவில் 137! அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். புகைப்படம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளைநூலகர் மகள்

இவ்வளவு விரிவான விடைகளை நான் எதிர்பார்க்கவே இல்லை, அனைவருக்கும் நன்றி. 'மறுபக்கம்' எழுதியதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "புத்தகம் வாங்கச் சந்தா கட்டியவன் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்ததா என்பதையும் கேட்டுக்கொண்டு வா" என்றார். இனி நடைமுறைக் கேள்விகள்தாம் மிச்சம். கார் இல்லாமல் போக முடியுமா? அம்மா சுரங்கத்துக்குள் வரலாமா? தங்கம் அரிக்கலாம் என்று எங்கோ படித்தேன்; அது உண்மைதானா?

பதில் 5: ஞாயிறு நடையர்

சென்ற ஆண்டு கோடையில் குடும்பத்தோடு சென்று வந்தேன். ஆகையால் இந்தப் பகுதி என் பொறுப்பு.

கிளாஸ்கோவிலிருந்து எம்74 நெடுஞ்சாலையில் தெற்கே வந்து அபிங்டன் அருகே இறங்கினால், பி797 என்ற மலைச்சாலை லெட்ஹில்ஸ் வழியாக வான்லாக்ஹெட்டுக்கு ஏறுகிறது. காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். ரயிலில் வந்தால் அருகிலுள்ள நிலையம் சாங்கர். அங்கிருந்து மலைமேல் செல்லும் பேருந்து அரிது. எனவே முதியவர்களோடு வரும்போது வாடகைக்காவது கார் எடுத்துக்கொள்வதே அறிவுடைமை. திரும்பும்போது வந்த வழியே போகாமல் மறுபக்கம் மென்னக் கணவாய் வழியே இறங்குங்கள். இருபுறமும் குன்றுகள் நெருங்கி வந்து, ஓடையும் சாலையும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இறங்கும் அந்தச் சில கிலோமீட்டருக்காகவே இன்னொரு முறை போகலாம். கணவாய் முடியும் இடத்திலிருந்து சாங்கர் மிக அருகில். அங்கே 1712 முதல் இயங்கி வருவதாகச் சொல்லப்படும் அஞ்சலகம் ஒன்று உண்டு. உலகிலேயே பழையது என்று பெருமைப்படுகிறார்கள். உங்கள் தந்தையார் அங்கிருந்து தமக்கே ஓர் அஞ்சலட்டை எழுதிப் போடலாம்.

ஊரிலுள்ள ஈயச் சுரங்க அருங்காட்சியகம் பழைய கொல்லுப்பட்டறைக் கட்டடத்தில் இருக்கிறது. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் ஒரு குளிர்காலத்தில் இவ்வூருக்கு வந்தபோது, பனியில் வழுக்காதபடி குதிரை லாடத்தைக் கூராக்கித் தரக் கொல்லனுக்கு நேரமில்லாமல் போகவே, ஒருவரிடம் பரிந்துரை கேட்டுச் சிறு பாட்டு எழுதிக் கொடுத்தார் என்பது இவ்வூர்க்காரர்கள் தவறாமல் சொல்லும் கதை. பாட்டுக்குப் பலன் கிடைத்தது, லாடம் கூரானது.

அருங்காட்சியகத்தில் வாங்கும் சீட்டில் லாக்னெல் சுரங்கமும் நூலகமும் தொழிலாளர் குடில்களும் அடங்கும். சுரங்கம் கீழ்நோக்கி இறங்கும் கிணறு அன்று. குன்றின் பக்கவாட்டில் நேராக உள்ளே செல்லும் குடைவு. ஆகவே படியிறங்கும் தொல்லை இல்லை. ஆனால் கூரை தாழ்வு, தரை ஈரம், சில இடங்களில் குனிந்தே நடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர் வாயில்வரை வந்து பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. என் மாமியார் உள்ளே வரவில்லை. நாங்கள் திரும்பும்வரை குடில்களில் இருந்தார். வெவ்வேறு காலத்துத் தொழிலாளர் வீடுகளை அடுப்பும் கட்டிலும் பாத்திரமுமாக அமைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, எங்களைவிட அவரே அதிகம் பேசினார். மேலே சொன்ன அடுப்புக் கேள்விக்கும் ஓரளவு விடை அங்கேதான் கிடைக்கும்.

தங்கம் அரிப்பது உண்மைதான். அருங்காட்சியகத்திலேயே தொட்டியில் மணலும் தட்டும் வைத்துச் சொல்லித் தருகிறார்கள்; பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தட்டைச் சாய்த்துச் சுழற்றினால் இலேசான மணல் நீரோடு போய்விட, எடை மிகுந்த துகள் அடியில் தங்கும். ஆனால் வெளியே ஓடையில் இறங்கி அரிப்பதற்கு முன்கூட்டியே உரிமச் சீட்டு வாங்க வேண்டும். விருப்பம்போல் இறங்கிவிடக் கூடாது. நான் அரை நாள் அரித்ததில் கண்டெடுத்தது கண்ணுக்குப் புலப்படுமா என்று ஐயுறத்தக்க ஒரு துகள். விறைத்துப்போன விரல்கள் வேறு.

ரயில் விருப்பமிருந்தால் வார இறுதியில் வாருங்கள். 1900-களின் தொடக்கத்தில் இவ்விரு ஊர்களுக்கும் பிரிட்டனின் வழக்கமான அகலத்தில் ரயில்பாதை போட்டார்கள்; சுரங்கம் நொடித்த பின் 1930-களின் இறுதியில் அது மூடப்பட்டது. அதே தடத்தின் ஒரு பகுதியில் இப்போது ஆர்வலர்கள் லெட்ஹில்ஸிலிருந்து இரண்டடிக் குறுகிய பாதையில் சிறு ரயில் ஓட்டுகிறார்கள். கோடைக்கால வார இறுதிகளில் மட்டுமே ஓடும். நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே மலையைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைவரை ஏறத்தாழ 340 கிலோமீட்டர் நீளும் தெற்கு மேட்டுநில நடைபாதையும் இவ்வூர் வழியாகத்தான் போகிறது. அதில் ஏறினால் ராடார்க் குமிழோடு நிற்கும் லௌதர் குன்றின் உச்சிக்குப் போகலாம். உங்கள் பெற்றோரை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய் வரவும் அது ஏற்ற தூரந்தான்.

இறுதியாக மூன்று எச்சரிக்கைகள். ஜூன் என்று நம்பி மெல்லிய உடையில் வராதீர்கள். எங்களுக்கு அங்கே ஒரே பிற்பகலில் வெயிலும் ஆலங்கட்டி மழையும் கிடைத்தன. குளிர்காலத்தில் அருங்காட்சியகம் மூடியிருக்கும். கோடையிலும் கிழமையும் நேரமும் மாறும் என்பதால் புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது, நூலகத்துக்குள் அப்பாவுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வழிகாட்டி பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவார். கேள்வி கேட்பவர் இருந்தால் மட்டுமே பழைய சங்கத்தின் பதிவேடுகளைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.

கிளைநூலகர் மகள்

மிக்க நன்றி ஐயா. சனிக்கிழமையாகப் பார்த்துக் கார் பதிவு செய்துவிட்டேன். ஒரு மணி நேரம் போதாது, இரண்டு மணி நேரம் வேண்டும் என்று அப்பா இப்போதே சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் அம்மா லெட்ஹில்ஸ் ரயிலில் ஏறிக்கொள்வதாக ஏற்பாடு.